தள்ளி நிற்கச் சொன்னார்கள்

குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளைகள் காப்பகத்தில் எனக்கு வேலை. சின்னப் பிள்ளைகளைக் குளிக்க வைப்பது, சாப்பிட வைப்பது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, திரும்பி வந்ததும் யூனிபாரத்தைக் கழற்ற வைப்பது. காகிதத்தில் இந்த வேலைக்கு ‘இல்லத் தாய்’ என்று பேர். பேரில் தாயைப் போட்டுவிட்டு, பிறகு பயிற்சிக்குக் கூப்பிட்டு, தாய் மாதிரி நடந்துகொள்ளக் கூடாது என்று சொல்லித் தருவார்கள். இந்த வேடிக்கையை நான் பயிற்சி நடந்த இடத்திலேயே எழுந்து நின்று கேட்டேன். நடத்த வந்தவள் நாகர்கோவில்காரி, சின்ன வயசு, நல்ல பிள்ளை. சிரித்துவிட்டு, “அன்பு காட்டலாம் அக்கா. ஆனா அந்த அன்பு ஒங்க கையில மட்டுந்தான் கிடைக்கும்னு பிள்ளை நினைச்சிரக் கூடாது” என்றாள். நியாயமான பேச்சு. நியாயமாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும், திருப்பிச் சொல்ல ஒன்றும் இருக்காது.

விதிகள் நிறைய உண்டு. ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாக எதுவும் வாங்கிக் கொடுக்கக் கூடாது. நம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. அம்மா என்று கூப்பிட விடக் கூடாது, ‘மிஸ்’ என்றுதான் பழக்க வேண்டும். நம் போன் நம்பரைக் கொடுக்கக் கூடாது. காப்பகத்தை விட்டுப் போன பிள்ளையை நாமாகத் தேடிப் போகக் கூடாது. கேட்டால் கல்நெஞ்சக்காரர்கள் எழுதினது போல இருக்கும். ஆனால் அன்பு என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகளிடம் நெருங்கியவர்கள் செய்த அக்கிரமங்களை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். விதி கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. எனக்கு முன்னால் இதே வேலையில் இருந்த ஒருத்தி, ஒரு பிள்ளையைத் தன் சொந்தப் பிள்ளை போலக் கொஞ்சி வளர்த்துவிட்டு, கல்யாணம் கூடியதும் போய்விட்டாளாம். அந்தப் பிள்ளை வெகுநாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று சமையல்காரம்மா சொல்லுவாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையில்லாத ஏக்கத்தில் யார் பிள்ளையையோ பிடித்துக்கொண்டவள் என்று என்னை நினைக்க வேண்டாம். எனக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் சவூதியில் ஏசி மெக்கானிக். இளையவன் வீட்டிலிருந்து வேலை தேடுகிறான், தேடுவதெல்லாம் போனுக்குள்தான். இரண்டு பேரும் படுத்திய பாட்டில் பிள்ளை ஆசை எனக்கு எப்போதோ தீர்ந்துபோனது.

அப்படியிருந்தும் இந்தப் பிள்ளை வந்தாள். இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை ஊர். தகப்பன் வேறொரு குடும்பத்தைக் கட்டிக்கொண்டு கொல்லம் பக்கம் போய்விட்டான். தாய்க்காரி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போக வேண்டிய நிலை, பார்த்துக்கொள்ள சொந்தத்தில் ஆளில்லை. நாலு வயசில் கொண்டுவந்து விட்டாள். வந்த நாள் பிள்ளை அழவில்லை. அழாத பிள்ளையைக் கண்டால்தான் எங்களுக்கு வெப்ராளம், மனசு பதறும். அழுகிற பிள்ளையை எப்படியும் தேற்றிவிடலாம்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. உறக்கம் வந்தால் ஒரு காது வேண்டும். பெரியவர்கள் யாருடைய காது மடலையாவது இரண்டு விரலால் பிடித்துக்கொண்டால் கண் தானாகச் சொருகும். பகலில் இதற்குத் தோதான இடம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினதும் பெஞ்சில் என்மேல் சாய்வாள், கை மெதுவாக மேலே வந்து என் காதைத் தேடும், அவ்வளவுதான். பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பாட்டு தொடங்கும்போது என் கம்மல் திருகு காதுக்குப் பின்னால் குத்தி வலித்துக்கொண்டிருக்கும். நான் அசையமாட்டேன்.

எங்கள் கண்காணிப்பாளர் பின்பெஞ்சில் உட்காருகிறவர். ஒரு திங்கட்கிழமை அறைக்குக் கூப்பிட்டார்.

“நேத்து சர்ச்சில பார்த்தேன்” என்றார்.

“பிரசங்கத்துக்கு ஒறங்காம இருந்தது நீங்க மட்டுந்தான் போலிருக்கு மேடம்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார். “மத்த பிள்ளைகளும் பாக்குது இல்லியா? அதுகளுக்கு யாருக்க காது இருக்கு?”

அடுத்த வாரத்திலிருந்து அவளை இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரவைத்தேன். பிரசங்கம் தொடங்கினது. ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் காதையே பிடித்துக்கொண்டு உறங்கினாள். அன்றைக்குப் போதகர் எதைப் பற்றிப் பேசினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இதில் எனக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. யாருக்காவது பிறந்தநாள், கல்யாணநாள், அப்பா இறந்த நாள் என்றால் காரில் பிரியாணி அண்டாவோடு வந்துவிடுவார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று முன்பின் தெரியாத ஆளுக்கு வாழ்த்துப் பாட வேண்டும். வந்தவர்கள் பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளுவார்கள், தலையைத் தடவுவார்கள், கண் கலங்குவார்கள். போட்டோ எடுக்க மட்டும் மேடம் விடமாட்டார். அரை மணி நேரம் ஊர்பேர் தெரியாதவர்கள் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். வருஷக்கணக்காகச் சோறு போடுகிற நான் காது கொடுக்கக் கூடாது. இதை நான் மேடத்திடமே சொன்னேன். “அவங்க போயிருவாங்க. நீங்கதான் இருப்பீங்க, அதான்” என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரியாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை குவைத்தில் தாய்க்காரிக்கு விடுமுறை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆபீஸ் போனில் வீடியோ கால் வரும். ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும் என்பதால் நான் பக்கத்தில் உட்காருவேன்.

“எனக்க மக்கா, சோறு தின்னியா?”

“ம்.”

“என்ன கறி?”

“மீன்.”

“என்ன மீனு மக்கா?”

அவள் என்னைப் பார்ப்பாள். நான் வாயசைப்பேன். “சாள” என்று போனைப் பார்த்துச் சொல்லுவாள். தாய்க்காரிக்கு எல்லாம் தெரியும். தன் பிள்ளை தன்னிடம் பேசுவதற்கு இன்னொருத்தி முகத்தைப் பார்க்கிறது என்று தெரியும். ஒருநாளும் அவள் என்னிடம் முகம் சுளித்ததில்லை. போனை வைக்குமுன் “அக்கா, நீங்க சாப்பிட்டியளா?” என்று என்னையும் கேட்பாள்.

பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது தாய்க்காரி ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டாள். கொட்டாரத்தில் வாடகைக்கு வீடு பார்த்து, ஒரு துணிக்கடையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். பிள்ளையைத் தன்னிடம் விட வேண்டும் என்று குழந்தைகள் நலக் குழுவில் மனு கொடுத்தாள். அவர்களுக்கும் சம்மதம்தான். முதலில் சனி ஞாயிறு போய்வரட்டும், பழகினபிறகு முழுசாக அனுப்பலாம் என்றார்கள். எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், இதில் நான் பொய் சொல்லவில்லை. தாய் இருக்கிற பிள்ளை தாயிடம்தான் இருக்க வேண்டும். வேறென்ன?

முதல் தடவை போய்வந்தபோது பிள்ளை வாடிப்போய் வந்தாள். அங்கே ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையாம். கொண்டுவிட வந்த தாய்க்காரி வாசலிலேயே நின்று அழுதாள். “குவைத்துல எத்தன பிள்ளையளுக்கு ஊட்டி விட்டிருக்கேன் அக்கா. எனக்க பிள்ள எனக்க கையால திங்காம இருக்கு.” பிள்ளை அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு என் பின்னால் வந்து நின்றுகொண்டாள். முன்னால் ஒருத்தி அழுகிறாள், பின்னால் ஒருத்தி என் சேலையைப் பிடித்திருக்கிறாள்.

மறுநாள் மேடம் கூப்பிட்டார். இந்தத் தடவை சிரிப்பில்லை. “நீங்க பக்கத்துல இருக்கதுவர அவ தாயிட்ட போகமாட்டா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார். பெரிய பிள்ளைகள் இருக்கிற மாடிக்கு என்னை மாற்றுவதாகச் சொன்னார். சண்டை போட எனக்கு வாய் வரும். அன்றைக்கு வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது சரி. ஒரு பிள்ளைக்கு நல்லது நடக்க நான் இல்லாமலிருப்பதுதான் வழி என்றால், இல்லாமலிருக்க வேண்டியதுதானே? “பிள்ளையிட்ட என்ன சொல்ல?” என்று மட்டும் கேட்டேன். “டியூட்டி மாறிட்டுன்னு சொல்லுங்க” என்றார்.

டியூட்டி மாறுவது என்றால் எட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? காப்பகத்தில் வளர்கிற பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தட்டைக் காலி செய்தால் சுவரில் உள்ள அட்டையில் நட்சத்திரம் ஒட்டுவோம். படுக்கையை மடக்கினால் இன்னொன்று. நல்லது செய்தால் நல்லது கிடைக்கும், தப்பு செய்தால் கிடைத்தது போய்விடும். இப்படித்தான் நாங்களே பழக்கி வைத்திருக்கிறோம். அவள் கணக்கில் நான் போய்விட்டேன், அப்படியானால் தப்பு அவளுடையது.

சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே வந்து நிற்பாள். மேலே வரக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

“மிஸ், நான் இன்னிக்கி பாவக்கா தின்னேன்.”

பாவற்காய் என்றால் அவளுக்குக் குமட்டும். பொரியலை விரலால் ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள்.

“கொள்ளாமே” என்று மெச்சினேன்.

“துப்பல்ல மிஸ். முழுசா தின்னேன்.”

“நல்ல பிள்ள.”

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், நான் இறங்கி வருவேனா என்று. பிறகு போய்விட்டாள். மறுநாள், “மிஸ், எனக்க பெட்ஷீட்ட நானே மடக்கினேன்.” அதற்கு மறுநாள், “நான் யாரிட்டயும் சண்ட போடல்ல மிஸ்.” ஒவ்வொரு நாளும் ஒன்றைச் செய்துவிட்டு வந்து சொல்லுவாள். நான் மேலே நின்றுகொண்டே நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்பேன். என் வாயில் அந்தச் சொல்லே கசந்துபோனது.

ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அப்புறம் கேட்டாள். “இன்னும் என்ன செய்யணும் மிஸ்?”

அன்றைக்கு நான் இறங்கிப் போனேன். விதியாவது மண்ணாவது. படியில் உட்கார்ந்து, “ஒண்ணும் செய்யண்டாம் மக்கா. ஒனக்க மேல ஒரு தப்பும் இல்ல” என்றேன்.

“பின்ன ஏன் நீங்க வரல்ல?”

“ஆபீஸ்ல மாத்திட்டாவ.”

இது பெரியவர்கள் பெரியவர்களிடம் சொல்லுகிற பதில். ‘உன் அம்மாவிடம் நீ ஒட்ட வேண்டும், அதற்காக நான் விலகுகிறேன்’ என்று சொல்லியிருந்தால், அந்த அம்மா என்ன ஆவாள்? என்னைப் பறித்துக்கொண்டவள் ஆவாள். பிள்ளை தலையாட்டிவிட்டுப் போனாள். அதன்பிறகு படிக்குக் கீழே வரவில்லை.

நான் தள்ளி நின்றது பலித்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அடுத்தடுத்த சனி ஞாயிறுகளில் பிள்ளை தாய் வீட்டில் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். முழுசாக அனுப்பலாம் என்று முடிவானது.

போகிற அன்று தாய்க்காரி ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டு என்னைத் தேடி மாடிக்கே வந்தாள். பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவாள், எப்படி உறங்க வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். காது விஷயத்தைச் சொன்னேன். அவள் கை தன் காதுக்குப் போனது.

“அக்கா, அது எனக்க காதாக்கும்” என்றாள். “சின்னதுல எனக்க காதப் பிடிச்சுக்கிட்டுதான் கிடப்பா. அப்ப அவ மறக்கல்ல இல்லியா?”

“எப்படி மறப்பா? வீட்டுக்குப் போனதும் அந்த ஜிமிக்கியக் கழட்டிப் போடுங்க, பிடிக்கதுக்கு எடஞ்சலா இருக்கும்” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம், அழவும் செய்தோம். அவள் போனை எடுத்து என் நம்பரைக் கேட்டாள். கொடுக்கக் கூடாது என்றேன். “ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடுங்க” என்றேன். அவள் முகம் மாறினது. நான் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

பிள்ளை ஆட்டோவில் ஏறினாள். எல்லோருக்கும் டாட்டா காட்டினாள், எனக்கும் எல்லோருக்கும் காட்டினது போலவே காட்டினாள். அதைத்தானே எல்லோரும் ஆசைப்பட்டோம்?

தாய்க்காரி ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டாள். நான் ஸ்டோர் ரூம் சாவி வாங்க ஆபீசுக்குப் போயிருந்தேன், மேடம் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். “காத கிட்ட கொண்டு போனா மொகத்தத் திருப்புதா மேடம். கேட்டதுக்கெல்லாம் சரி சரின்னுதான் சொல்லுதா. விருந்துக்கு வந்த பிள்ள மாதிரி வீட்டுக்குள்ள இருக்கா. அந்த அக்காவ ஒரு தடவ பேசச் சொல்லுங்க. ஒரேயொரு தடவ.” மேடம் என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, “இப்போ அவங்க குரலக் கேட்டா பிள்ள இன்னும் ஏங்கும். பொறுமையா இருங்க, சரியாகும்” என்று சொல்லிப் போனை வைத்தார். “எனக்கும் மனசு உண்டு” என்றார், நான் ஒன்றும் கேட்காமலேயே. எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டி என்ன ஆகப்போகிறது? கொட்டாரம் ஒன்றும் கடல் தாண்டியில்லை, இரண்டு பஸ் ஏறினால் போய்விடலாம். போக எனக்கு அனுமதி இல்லை.

துணிக்கடையில் வேலை முடிந்து தாய்க்காரி வீடு வந்து சேர நேரமாகும். அதுவரை பிள்ளை பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும். அந்த வீட்டில் யாருக்கோ அது பிடிக்கவில்லை. தாய்க்காரி வேலையை விட்டாள், வேறு வேலை தேடினாள், அமையவில்லை. குவைத்தில் முன்பு வேலை பார்த்த வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். பாவம், அவளும் எவ்வளவுதான் தாங்குவாள்? மழைக்காலம் முடியும்போது பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். “என்னால ஆவுதில்ல அக்கா” என்று ஒன்றுதான் என்னிடம் சொன்னாள். பிள்ளையின் முன்னால் என்னால் அவளுக்கு ஆறுதல் சொல்லவும் முடியவில்லை.

அதற்குள் நான் பழையபடி சின்னப் பிள்ளைகளிடம் வந்திருந்தேன், கீழே வேலை பார்த்தவள் நின்றுவிட்டதால். பிள்ளை பையோடு உள்ளே வந்தாள். ஓடி வருவாள் என்று நினைத்தேன். வந்தால் என்ன செய்வது, எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்ளலாம், எப்போது விட வேண்டும் என்றெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் “குட் ஈவ்னிங் மிஸ்” என்றாள். “எனக்கு எந்த பெட்டு மிஸ்?” என்று கேட்டாள். காட்டினேன். தானே விரித்துக்கொண்டாள்.

எதை வைத்தாலும் சாப்பிட்டாள். சமையல்காரம்மாவிடமும், வாட்ச்மேனிடமும், பிரியாணி கொண்டுவந்த ஆட்களிடமும், என்னிடமும் ஒரே மாதிரிச் சிரித்தாள். பார்வையிட வந்த அதிகாரிகள் அவளோடு பேசிவிட்டு, பிள்ளை நல்ல பக்குவமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் பள்ளிக்கூட வேன் வந்து சாயா கொடுத்துக்கொண்டிருந்தோம். அவளிடம் டம்ளரை நீட்டினபோது விரல் பட்டது, கொதித்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது, உதடு காய்ந்திருந்தது.

“எப்ப முதல் மக்கா?”

“காலத்தயே இருந்துது மிஸ்.”

“காலைல இருந்தா? ஏன் சொல்லல்ல?”

“யாரிட்ட சொல்லணும்னு தெரியல்ல மிஸ்.”

கோபமில்லை, சடவு இல்லை. பென்சில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்பது போலச் சொன்னாள். நான் மேடத்திடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டோக்கன் வாங்கிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கும் அவளுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தாள். நான் நகர்ந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

“இனி சொவமில்லன்னாலும் சரி, வேற எதுன்னாலும் சரி, என்னிட்ட சொல்லு. என்ன?”

அவள் யோசித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

“எத்தன நாளைக்கு மிஸ்?”

குத்திக் காட்டக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அடுத்த மாசம் நான் எந்த மாடியில் இருப்பேன், வருஷக் கடைசியில் எனக்கு இந்த வேலை இருக்குமா, அவள் தாய் எப்போது வருவாள், வந்தால் யார் விலகி நிற்க வேண்டியிருக்கும், இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. எப்போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பிள்ளையிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதற்குள் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவள் பதிலுக்குக் காத்திராமல் எழுந்து டாக்டர் அறைக்கு நடந்தாள், நான் அவள் பின்னால் போனேன்.